அந்த இரண்டு டிப்பர் மண்

பாறசாலையில் எங்களுக்கு ஆறு சென்ட் விற்ற நீங்கள், அந்த மண்ணில் காரீயம் கிடப்பது தெரிந்தேதான் விற்றீர்கள்.

விற்கும்போது புதிதாக அடித்த செம்மண்ணைக் காட்டினீர்கள். சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினீர்கள்.

"மண்ணு டெஸ்ட் செய்ததாக்கும் மக்கா. கிருஷி பவன்ல தந்த கார்டு. வாழ வச்சா கொல சாஞ்சு கெடக்கும்."

வாங்கிப் பார்த்தேன். மண்ணில் புளிப்பு எவ்வளவு, அதற்குச் சுண்ணாம்பு எவ்வளவு போட வேண்டும் என்று எழுதியிருந்தது. எங்கள் பக்கத்தில் மண் பரிசோதனை என்றால் அந்த அட்டைதான். ஆரியங்கோட்டில் ரப்பர் போட்ட வீட்டில் வளர்ந்தவள் நான். அட்டை இருந்தால் மண் நல்லது என்று நம்பிப் பழகியவள். காரீயத்துக்கு அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. அட்டை கொடுத்த வேளாண்மை அலுவலகத்தைக் குறை சொல்ல மாட்டேன். வாழைக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் அவர்கள் வாழைக்குத்தான் சொல்வார்கள்.

வீடு கட்டிக் குடிபோன பிறகு, பின்பக்க மூலையில் துவைகல் போட என் கணவர் குழி தோண்டினார். செம்மண்ணுக்குக் கீழே கறுத்த மண் வந்தது. கூடவே பிளாஸ்டிக் துண்டுகளும் சாம்பல் நிறக் கட்டிகளும் வந்தன. பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"பேட்டரி உடைச்சதுக்க மிச்சமாக்கும் அது. பண்டு இஞ்ச உனக்கு வித்தவரு ஈயம் உருக்குன ஷெட்டுல்லா? உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா வாங்குவேனா அக்கா?"

"நீ தெரிஞ்சுதான் வாங்குனே எண்ணுல்லா நான் நெனச்சேன்."

திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் லேபுக்கு மண் கொண்டு போனேன். எப்படி எடுப்பது என்று யாரிடமும் கேட்கவில்லை. மண் எடுக்க எனக்குத் தெரியாதா? ரப்பருக்கு எடுப்பதுபோல வளைந்து வளைந்து நடந்து பத்து இடத்தில் வெட்டினேன். எல்லாவற்றையும் ஒரு வாளியில் போட்டுக் கலந்தேன். நாலாகப் பிரித்து, இரண்டு பங்கைத் தள்ளி, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கட்டிக்கொண்டு போனேன். தோட்டத்துக்கு அதுதான் முறை. முடிவு வந்தது: காரீயம் உண்டு, ஆனால் அளவுக்குள்.

நிம்மதியாகிவிட்டது. எங்கள் மகளுக்கு மூன்று வயது. துவைகல்லுக்காகத் தோண்டிப் போட்ட மண் குவியலில்தான் நாளெல்லாம் இருப்பாள். தேங்காய்ச் சிரட்டையில் மண் அடைத்துப் புட்டு அவிப்பாள். எனக்கு ஊட்டுவதுபோல் காட்டிவிட்டுத் தானும் ஒரு வாய் வைப்பாள். இரண்டு மாதம் நான் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு மாதம் என் குற்றம். அதை உங்கள் தலையில் வைக்கவில்லை.

பிறகு வயிற்றுவலி வந்தது. சோறு வேண்டாம் என்றாள். நெய்யாற்றின்கரை டாக்டர் முதலில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். வலி நிற்கவில்லை. வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது என்று கேட்டார். பேட்டரி ஷெட் கதையைச் சொன்னேன். உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். ரத்தத்தில் காரீயம் இருந்தது.

லேபுக்கு ஓடினேன்.

"அளவுக்குள்ள எண்ணு எழுதித் தந்தியளே!" என்று கத்தினேன்.

அங்கே வேலை செய்யும் பெண்ணும் நம் பக்கத்துக்காரிதான். கோபப்படவில்லை. மண்ணை எப்படி எடுத்தேன் என்று கேட்டாள். சொன்னேன்.

"அக்கா, ஒம்பது பங்கு நல்ல மண்ணுல ஒரு பங்கு கெட்டதக் கலக்குனா அது எங்க தெரியும்? அந்த மூலைய தனியா எடுங்க. மேல் மண்ணு வேற, கீழ் மண்ணு வேற."

தனித்தனியாக எடுத்துக் கொடுத்தோம். மூலை மண்ணில் காரீயம் அளவுக்கு மிக மேலே என்று காட்டிய தாளை நீட்டும்போது அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"மோளு இப்பவும் அங்கயா வெளையாடுதா?"

அன்று சாயங்காலமே உங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தேன். சாயா குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஈயமா? ஈயம் பூசுன பாத்திரத்துல தின்னு வளந்த ஆளுவதான நம்ம? செத்தா போனோம்?"

"அது வெள்ளீயம் அண்ணா. இது காரீயம். உருக்குன உங்களுக்கு வித்தியாசம் தெரியாதா?"

"சத்தம் போடாத மக்கா. நான் மோசம் ஒண்ணும் செய்யேல. மேல கெடந்த கறுப்பு மண்ணு முழுக்க வாரி ரெண்டு டிப்பர்ல ஏத்தி விட்டேன். அதுக்குப் பெறவுதான் செம்மண்ணு அடிச்சது."

வாய் தவறிச் சொல்லிவிட்டீர்கள். கெட்டது என்று தெரியாமல் யாராவது சொந்த மண்ணை வாரி வெளியே அனுப்புவார்களா?

"எங்க விட்டிய?"

"அதெல்லாம் ஆருக்கு ஓர்மை? பள்ளம் கெடந்தவிய வந்து கேட்டாவ. சும்மா குடுத்தேன். உபகாரமாக்கும் செஞ்சது."

நம் ஊரில் மண் சும்மா கிடைத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. பள்ளத்தில் கொட்டி நிரப்பி முற்றமாக்கிவிடுவார்கள். அந்த முற்றத்திலும் ஒரு குழந்தை சிரட்டையில் புட்டு அவித்துக்கொண்டிருக்கும். அதன் அம்மாவும் என்னைப்போலப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

வீட்டைப் பூட்டிவிட்டு இப்போது ஆரியங்கோட்டில் என் அண்ணன் வீட்டில் இருக்கிறோம். அடுத்த மாதம் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். ஊசி என்ற பேச்சை எடுத்தாலே மகள் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். எனக்கு விற்றதைப் பற்றி உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுக்கொள்வேன். மற்ற வீடுகளின் கதை அதுவரை காத்திருக்காது.

வார்டு கிராமசபை கூடும்போதெல்லாம் முன்வரிசையில் உட்காருகிறவர் நீங்கள். இந்தத் தடவை எழுந்து நில்லுங்கள். பரிசோதனைத் தாளோடு நான் எதிரே நிற்பேன். அந்த இரண்டு டிப்பர் மண் யார் யார் முற்றத்தில் கிடக்கிறது? வீடு வீடாக, எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.