வேலூரிலிருந்து ஆம்பூர் வரை ஓயாத ஆரன்

நான் சொல்லப்போகும் வரலாற்றை உங்களில் ஒருவர்கூட நம்பமாட்டீர்கள். இதை என் பழைய திருப்புளியின் மீது சத்தியம் செய்து உறுதி கூறுகிறேன்.

முதலில் அந்த வாசனை… ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய தோலின் வாசனை. ஆம்பூரில் அதற்குப் பெயர் காற்று. யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. ஆனால் அதே வாசனை ஒரு மோட்டாருக்குள் வந்தபோதுதான் எனக்கு நடந்த அநியாயம் ஆரம்பித்தது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. புளியமரத்தடிதான் என் ஒர்க்ஷாப். தென்னிந்தியாவில் என்னைவிடப் பெரிய மோட்டார் மிஸ்திரி இல்லை. தென்னிந்தியாவுக்குத்தான் அது தெரியவில்லை.

தோல் மண்டி ஹாஜியார், சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் பழைய மோட்டாரை வாங்கிவந்தார். வருஷக்கணக்காகக் கொட்டகையில் கிடந்த வண்டி. உள்ளே இருந்த ஒயர் முழுவதையும் எலி தின்றிருந்தது. அந்த எலியின் வயிற்றில் விளக்கு எரிந்திருக்கும்!

"பொண்ணு கல்யாணத்துக்கு மாப்பிள்ளைய இந்த வண்டில கூட்டியாரணும் மிஸ்திரி. மரியாதையா வந்து சேந்தா, மண்டிப் பக்கத்து தகரக் கொட்டாய் உனுக்கு. அங்கியே ஒர்க்ஷாப் வெச்சிக்கோ."

கூரை! மழையில் நனையாத கூரை! பதினெட்டு நாள் வண்டிக்குள்ளேயே குடியிருந்தேன். விளக்குக்கு ஒன்று, ஆரனுக்கு ஒன்று என்று ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் ஒரு கலர் நூல் கட்டினேன். சாணுக்கு ஒரு கிளிப். வளைவு வந்த இடத்தில் எல்லாம் ஒரு விரல் தொய்வு.

ஹாஜியார் கதவைத் திறந்து பார்த்தார்.

"இன்னாப்பா இது, ஆட்டுக் குடல தொங்கவுட்டாப்ல! மாப்பிள்ளை குந்துற வண்டி இது."

"வண்டி குலுங்குமுங்க. தொய்வு இல்லன்னா ஒயர் இழுபடும்."

"ஒயர் கண்ணுல படக்கூடாது. அவ்ளோதான். காதர் பாயக் கூப்புடு!"

காதர் பாய் குதிரைச் சேணம் தைப்பவர். வந்தார். என் கலர் நூல்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா மிஸ்திரி, ஒயருக்கு ஜடை பின்னிக்கீறே?"

கிளிப்பை எல்லாம் பிடுங்கினார். தொய்வை எல்லாம் இழுத்தார். தண்ணீரில் ஊறவைத்த தோல் பட்டையைச் சுற்றி, ஒயர்களை ஒரே கட்டாக உள்ளே வைத்து இறுக்கித் தைத்தார். சேணத்துக்கு அதுதான் முறையாம். ஈரத்தில் தைத்தால்தான் காய்ந்தபின் கச்சிதமாகப் பிடிக்குமாம். வாஸ்தவம்… குதிரைக்கு ஒயர் கிடையாதே!

மறுநாளே பயணம். மெட்ராஸ் ரயில் ஆம்பூரிலேயே நிற்கும். ஆனாலும் மாப்பிள்ளையைக் காட்பாடியில் இறக்கித்தான் கூட்டிவர வேண்டும் என்றார் ஹாஜியார். மோட்டார் வாங்கியதே வழியெல்லாம் காட்டத்தானே!

திரும்பும்போது உச்சி வெயில். பின்னால் ஹாஜியாரும் மாப்பிள்ளையும். நான்தான் ஓட்டினேன். பாலாற்றுப் பாலம் தாண்டும்போதே தோல் காய்ந்து முறுக்கிக்கொள்ளும் சத்தம் காலடியில் கேட்டது. வேலூருக்குள் ஒரு குலுக்கல்… அவ்வளவுதான். தோல் இழுத்த இழுப்பில் ஆரன் ஒயர் இரும்பு விளிம்பில் உரசி மேலுறை உரிந்து, உள்ளிருந்த செம்பு, வண்டியின் உடம்பைத் தொட்டுவிட்டது. அப்படித் தொட்டால் பட்டனை விடாமல் அழுத்தியதற்குச் சமம்.

பாஆஆஆம்!

கடைத்தெரு ஓடி ஒதுங்கியது. நான் வண்டியை நிறுத்தி, ஆரனைக் கழற்ற இறங்கினேன். அப்போது மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"மாஷா அல்லா! எனக்காகவா மாமா இவ்ளோ தடபுடல்?"

ஹாஜியார் ஒரு நொடி விழித்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார்.

"பின்ன யாருக்கு? ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் நிறுத்தக்கூடாதுன்னு ஆர்டர்!"

என் காதருகே குனிந்தார். "ஆரன் மேல கை வெச்சே, கொட்டாய் கெடையாது."

"பேட்டரி தீந்துடுங்க…"

"மாப்பிள்ளை சந்தோஷம் தீராம பாத்துக்கோ. ஓட்டு!"

ஓட்டினேன். பள்ளிகொண்டாவில் காலங்காலமாகப் படுத்திருக்கும் பெருமாளே எழுந்து உட்கார்ந்து, "யாரது?" என்று கேட்டார். மாதனூரில் மாடுகள் மூன்று நாள் கறக்க வேண்டிய பாலை அங்கேயே கறந்துவிட்டன. எனக்கு வலது காது இன்றும் பாதிதான்.

ஆம்பூர் வந்தது. தெருமுனையில் உறவு முறை எல்லாம் திரண்டு நின்றது. யானையாய்ப் பிளிறிக்கொண்டு வந்த ஆரன் ஆட்டுக்குட்டியாகி, கொசுவாகி… நின்றுவிட்டது. பேட்டரி காலி. அந்தக் காலத்து என்ஜின் ஓடப் பேட்டரி தேவையில்லை என்பதால், வண்டி மட்டும் ஊமையாகக் கல்யாண வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஹாஜியார் எட்டிப் பட்டனை அழுத்தினார். மூச்சில்லை.

"ஆரனுக்கு ஒயர் போட்டது எவன்டா?"

ஊரே என்னைப் பார்த்தது. முப்பது மைலுக்கு மேல் கத்தியதற்கு ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை ஐயா! வாசலில் கத்தாததற்குக் கேட்டார்கள்!

மாப்பிள்ளை இறங்கும்போது தோல் பட்டையைத் தடவிப் பார்த்தார். "வேலன்னா இதான் மாமா வேல. ஒரு ஒயர் கண்ணுல படல!"

கொட்டாய் காதர் பாய்க்குப் போனது.

மறுநாள் தையலைப் பிரித்து, உள்ளே பல்லிளித்த செம்பை ஹாஜியாரிடம் காட்டினேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "தோல ஏன்யா கிழிச்சே?"

இப்போது வரும் வண்டிகளைப் பார்க்கிறேன். உள்ளே ஒரு ஒயர்கூடத் தெரிவதில்லை. எல்லாம் மூடிக்குள். ஹாஜியார் கேட்ட அதே அழகு. ஆனால் மூடியைக் கழற்றிப் பாருங்கள்… வளைவுக்கு வளைவு ஒரு விரல் தொய்வு விட்டிருக்கிறார்கள். அன்று அதைச் சொன்னவனைப் புளியமரத்தடிக்கே அனுப்பிய ஊர் இது.

பெருமாள் எழுந்தது, மாடு கறந்தது… எதையும் நீங்கள் நம்ப வேண்டாம். ஒன்றே ஒன்று மட்டும் நிஜம்.

அன்று காலை, கிளம்பும் முன், அந்தத் தோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். ஈரம் இருந்தது. வெயிலில் அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். காதர் பாய் மானம் போகட்டும் என்று, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பினேன்.