மிச்சமிருந்த வசனங்கள்

எங்கள் சபையைச் சேர்ந்த அவர், பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தார். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு போகாது. ஞாயிறு ஆராதனைக்குப் போட்டுவரும் வெள்ளைச் சட்டையின் பையில்கூட ஆறங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும்.

தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலத்தில் அவருடைய ஒரே மகள் காய்ச்சலில் இறந்துபோனாள். ஆறுதல் ஜெபத்துக்குச் சபையிலிருந்து போனோம். அவருடைய வேதாகமத்தை வாங்கி, கடவுளிடம் முறையிடும் சங்கீதம் ஒன்றை நான்தான் வாசித்தேன். முறையீட்டை வேகமாகக் கடந்து, கடைசியில் வரும் துதிக்குக் குரலை உயர்த்தப் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அங்கனயே நிறுத்துங்க அண்ணாச்சி. எழுதினவரு எத்தன நாள் அழுது அந்த வரிக்கு வந்தாரோ! நீங்க ரெண்டு நிமிசத்துல போயிட்டியளே."

"கர்த்தர்ட்ட கோவப்படலாமாப்பா?" என்றார் எங்களோடு வந்திருந்த போதகர்.

"வேற யார்ட்ட ஐயா கோவப்பட? அவரு இருக்காருன்னுதான கேக்கேன். பதில் சொல்லட்டும், மிச்சத்தப் படிப்போம்."

ஸ்கேலை எடுத்து அந்தப் பக்கத்தில் வைத்து, வேதாகமத்தை மூடினார்.

அதன்பிறகு ஒரு ஞாயிறுகூட அவர் தவறவில்லை. முதல் பெஞ்சில் வந்து உட்காருவார். சட்டைப்பை மட்டும் காலியாக இருக்கும். ஒரு வருஷம் கழித்து, ஆராதனை தொடங்குமுன் மெதுவாகக் கேட்டேன்: "பதில் இன்னும் வரலியா?"

காலிப் பையைத் தட்டிச் சிரித்தார். "சொல்லாம எங்க போவாரு? நான் எந்திரிச்சுப் போனாத்தான அவரு தப்பிக்க முடியும்."

துதிப்பாடலுக்கு எல்லோரும் எழுந்தோம். அவர் உட்கார்ந்தே இருந்தார். அன்று துதியின் வரிகளில் நான் குரலை உயர்த்தவில்லை.