பாச்சை உருண்டை வாசனையுள்ள கார்ட்ரிட்ஜ்

அப்பா விட்டுப்போன கார்ட்ரிட்ஜில் இன்னும் பாச்சை உருண்டை வாசனை அடிக்கிறது.

ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லில் அவர் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். மில்லில் தீப்பிடித்தாலும் தொழிலாளர்களின் வருகைப் பதிவு பிழைக்க வேண்டுமென்று, சனிக்கிழமைதோறும் அதைக் கம்ப்யூட்டர் டேப் கார்ட்ரிட்ஜில் நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். அடியில் அலுமினியத் தகடு வைத்த, கனமான கார்ட்ரிட்ஜ். பீரோவில் அம்மாவின் சேலைகளுக்கு நடுவில் வைப்பார். அதே மில்லில் வேலை பார்த்த அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"இதுல அம்மா இருக்காளாப்பா?" என்று சின்ன வயதில் ஒரு சனிக்கிழமை கேட்டேன்.

"அவ வேலைக்கு வந்த நாளெல்லாம் இருக்கு."

மறுநாள் அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தபோது, அம்மாவின் குரலைக் கேட்க அதை டேப் ரிக்கார்டருக்குள் திணித்தேன். ரிக்கார்டரின் மூடியை உடைத்ததுதான் மிச்சம். திரும்பி வந்த அப்பா திட்டவில்லை.

"ஏட்டி, இதுல சத்தம் வராது. மில்லு கம்ப்யூட்டர்ல போட்டா அவ பேரு மட்டும் வரும். நான் தெனமும் பாக்கேன்."

இப்போது அப்பாவும் இல்லை. எனக்கும் அலுவலகத்தில் பேக்கப் எடுக்கிற வேலைதான். அந்தப் பழைய வகைக் கார்ட்ரிட்ஜ் எங்கள் டேப் டிரைவுக்குள் நுழையாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், இன்று யாரும் இல்லாதபோது அப்பாவின் கார்ட்ரிட்ஜை டிரைவின் வாயில் வைத்து அழுத்திப் பார்த்தேன்.