மாடி வீட்டுக்கு நான் சொன்ன பதில்

ஒரு குடும்பத்துக்கு வீடு கிடைக்கவிடாமல் செய்தவன் நான். உங்களிடம்தான் முதன்முதலாக வாய்விட்டுச் சொல்கிறேன். என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

பம்பாயில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தோம். மனைவிக்குக் கல்பாக்கத்தில் வேலை கிடைத்ததால் பக்கத்தில் புதுப்பட்டினத்துக்கு வந்துவிட்டோம். நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். வந்த நாள் முதல் ஒரே புலம்பல்! இங்கே எல்லோரும் ஒரே மாதிரி, ஒரே சாம்பார், ஒரே சீரியல் சத்தம்... அங்கே எங்கள் லிஃப்டில் நாலு மொழி கேட்கும். ரமலான் மாலைகளில் தெருவோரக் கபாப்! படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவேன். இதையே மூன்று வருடமாகச் சொல்லி மனைவியின் உயிரை வாங்கினேன். "பம்பாய்க்கே போயிடுங்க, என் காதாவது தப்பிக்கும்" என்பாள்.

விஷயத்துக்கு வராமல் சுற்றிவளைக்கிறேன், பாருங்கள்...

கீழ் வீட்டில் நாங்கள். மாடி காலி. கீழே குடியிருப்பவரை ஒரு வார்த்தை கேட்காமல் மாடியை யாருக்கும் விடமாட்டார் வீட்டுக்காரர் கன்னியப்பன். அது அவர் வழக்கம். போன சித்திரையில் வாசலில் நின்று கேட்டார்.

"சார், மாடிக்கு காதர் பாய் கேட்டுகினு கீறாரு. கடைத்தெருல துணிக்கடை வெச்சிகீறாரே, அவருதான். தங்கமான மன்ஷன். எனக்கு ஒண்ணியும் இல்ல. நீங்க இன்னா சொல்றீங்க?"

காதர் பாயை எனக்குத் தெரியாதா? என் சட்டைகளெல்லாம் அவர் கடையில் எடுத்தவை. அவர் மகள் பத்தாம் வகுப்புக்குத் தினமும் திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறாள். பள்ளி எங்கள் தெருமுனையில். அதற்காகத்தான் வீடு கேட்டார். அவ்வளவும் தெரிந்தும் நான் என்ன சொன்னேன்?

"எனக்கு ஒண்ணுமில்லீங்க... மாமியார் வந்து போவாங்க. அவங்க கொஞ்சம் ஒரு மாதிரி."

பொய்! மாமியார் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. வேண்டாம் என்றவன் நான்தான். ஏன்? விடியுமுன் மேலே பாத்திரம் உருளுமோ, படியில் கறி வாசனை இறங்குமோ... அரை நொடியில் என்னென்னவோ ஓடியது. "புரியுது சார்" என்று கன்னியப்பன் தலையாட்டினார். என்ன புரிந்தது அவருக்கு! அது இன்றும் என்னைக் குடைகிறது.

பிறகு யோசித்தேன். பம்பாயில் நாங்கள் இருந்த கட்டடத்தில் ஒரு முஸ்லிம் குடும்பமாவது இருந்ததா? இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் அதை நான் கவனித்ததுகூட இல்லை. கபாப் வேண்டும், அதைச் சுடுகிறவர் மாடியில் வேண்டாம்... இதுதான் என் பரந்த மனசு! தூ!

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு மாதம் கழித்து காதர் பாய் கடைக்குப் போனேன். அவரே பேச்சை எடுத்தார்.

"வூட்டம்மா ஜன்னலுக்கு ஸ்க்ரீன் அளவுகூட எடுத்துகினு வந்துடுச்சு சார். அப்பால கன்னியப்பன், அவரு சொந்தக்காரங்க ஒத்துக்கலன்னாரு. இருபது வருஷப் பழக்கம் சார்! அவர் மூஞ்சியப் பாக்கவே பேஜாராகீது."

என்னைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டிருக்கிறார் அந்த மனிதர். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டாமா? திறந்தேன்.

"சின்ன ஊர் பாய், இப்படித்தான் இருக்கும். பம்பாயில இந்தப் பேச்சே கிடையாது."

சொன்னேன்! கூசாமல் சொன்னேன்!

"இன்னா பண்றது சார், உங்கள மாதிரி ஆளுங்க இங்க இல்லியே" என்று சட்டையை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தார்.

இப்போது கடைத்தெருவில் கன்னியப்பன் எதிரே வந்தால் காதர் பாய் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கன்னியப்பனும் தலைகுனிந்து போய்விடுகிறார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருவரும் பழையபடி பேசிக்கொள்வார்கள். இரண்டு பேரையும் தினமும் பார்க்கிறேன். இன்றுவரை சொல்லவில்லை.