தட்டிப் பார்த்த சுவர்கள்

போன வாரம் எங்கள் வீட்டைப் பார்க்க ஓர் இன்ஜினியர் வந்தார். மகன் அனுப்பி வைத்த ஆள். கோயம்புத்தூரில் நாங்கள் குடியிருக்கும் இந்த வீட்டுக்கும் வயதாகிவிட்டது. மழை பெய்தால் சமையலறையில் பாத்திரம் வைக்க வேண்டியிருக்கிறது. ரிப்பேர் செய்வதா, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா என்பதை அவர் பார்த்துச் சொல்வார் என்று மகன் போனில் சொல்லியிருந்தான். வந்தவர் உள்ளே நுழைந்ததும் கூடத்துச் சுவரை விரல் முட்டியால் தட்டினார். டொக் டொக். காதைச் சாய்த்துக் கேட்டார்.

"உள்ளுக்குள்ள சொத்தையாயிருச்சுங்கம்மா. இதுக்குச் செலவு பண்றது தண்டம். புதுசாவே கட்டிக்கலாமுங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு தட்டிலேயே சுவரின் ஜாதகம் முழுக்கத் தெரிந்துவிடுமா? காபி கொடுத்தேன், கொடுக்கவில்லை என்று சொல்லாதீர்கள். ஆனால் அவர் அதை ஆற்றிக் குடிப்பதற்குள் உங்கள் சொந்தக்காரர் யாராவது செங்கல் சூளை வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் வைத்திருப்பார்கள் என்றுதான் தோன்றியது.

நீங்களும் என்னைத் திட்டாதீர்கள். சந்தேகம் எனக்குப் பிறந்த வீட்டுச் சீதனம். பழக்காரர் தராசைத் தூக்கினால் நான் அவர் சுண்டு விரலைப் பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் சிரித்துப் பேசினால் அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வராது. இந்தக் குணம் எந்த ஊர் மண்ணில் முளைத்தது என்று கேட்டால், கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் பழைய வீட்டு மண்ணில் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த மண்ணை நானே காலால் மிதித்திருக்கிறேன்.

எழுபதுகள். நிலத்துக்கு உச்சவரம்பு வந்திருந்த சமயம். வேலியோரம் யாராவது ஒதுங்கி நின்றால்கூட, அளக்க வந்தவனோ என்று கூர்ந்து பார்க்கும் காலம். அப்போதுதான் ஓர் ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுப் பின்சுவர் வயிறு தள்ளிக்கொண்டது. மண்சுவர், நாட்டு ஓடு, பனஞ்சட்டம், நடுவில் வானம் பார்த்த வாசல் வைத்த பெரிய வீடு. அப்பாவும் சித்தப்பாவும் அதில் ஒரே அடுப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவுக்குக் காட்டில் உழுது விதைப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனால் தெரியாது என்பதை ஒத்துக்கொள்ளவும் தெரியாது. "நாமளே சரி பண்ணிக்கலாம். நம்ம ஊட்டுக்கு எதுக்கு அடுத்தவன் கை?" என்று கோவணத்தை இறுக்கிக்கொண்டு கூரை மேல் ஏறிவிட்டார். ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கி என்னிடம் கொடுப்பார். அதைச் சுண்டிப் பார்க்க வேண்டும். ணங் என்றால் நல்ல ஓடு, ஒரு பக்கம் அடுக்கு. சொத் என்றால் விரிசல், இன்னொரு பக்கம் போடு. செம்மண்ணில் வைக்கோலை நறுக்கிப் போட்டு, தண்ணீர் விட்டுக் குழைத்து, ஊறவைத்து மிதிப்போம். சுண்ணாம்புப் பூச்சுக்குக் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் ஒரு மொடாவில் நுரைத்துக்கொண்டு கிடக்கும். அதன் நாற்றத்தில் பாதி இனிப்பு, பாதி புளிப்பு. இன்றைக்கும் இட்லி மாவு கொஞ்சம் அதிகமாகப் பொங்கிவிட்டால் எனக்கு அப்பாவின் முதுகுதான் ஞாபகம் வரும்.

சித்தப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவர் வண்டிப்பெரியார்ப் பக்கம் மலையில் ஓர் எஸ்டேட் ஆபீசில் பல வருஷம் கணக்கு எழுதிவிட்டு அப்போதுதான் ஊரோடு வந்து சேர்ந்திருந்தார். துரைமார் பங்களாக்களைப் பார்த்த கண். சிமெண்டு வார்த்துக் கட்டும் வீட்டை எங்கள் பக்கம் மலையாளத்தில் சொல்வதுபோலவே வார்க்க வீடு என்போம். அதுதான் அவருக்கு வேண்டும். "ஏனுங்ணா, எலி ஓடற ஊட்டுக்குப் போயி இப்பிடி உசுரக் குடுக்கறீங்க? இடிச்சுத் தள்ளிப்போட்டு ரோட்டோரமா ஒரு வார்க்க ஊடு கட்டுவமுங்க" என்பார்.

"வார்க்க ஊட்டுல சித்திர மாசம் படுத்துப் பாரு தம்பி. வெந்து போயிருவே."

இதுவரைக்கும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எங்கள் வீட்டில் இதற்கு மேல்தான் விசேஷம். யாரும் யாருடைய பேச்சையும் பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சித்தப்பா யோசித்தார்: கொத்தனாரைக்கூட அண்டவிடாமல் அண்ணன் தனியாகச் சுவரை நோண்டுகிறாரே, எதற்கு? உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். அப்பா காட்டுக்குப் போனதும் சித்தப்பா பழைய சுவர்களை ஒரு பக்கமிருந்து தட்டிக்கொண்டே வருவார். அப்பா யோசித்தார்: இடிக்க வேண்டும் என்று தம்பி ஒற்றைக் காலில் நிற்கிறானே, எதற்கு? தேக்குக் கதவுகள் மேல் கண். சித்தப்பா தட்டுவதைப் பார்த்ததும் அப்பாவுக்கே சந்தேகம் வந்து அவரும் இரவில் தட்ட ஆரம்பித்தார். சுவருக்குள் கடைசிவரை ஒரு செப்புக்காசுகூடக் கிடைக்கவில்லை, கரையான்தான் கிடைத்தது. கரையானையும்கூட யாராவது கொண்டுவந்து விட்டிருப்பார்களோ என்று சித்தப்பா கேட்டார்.

எல்லோருடைய சந்தேகமும் கடைசியில் வந்து நின்ற இடம் என் சித்தி. புருஷன் புது வீடு கேட்டால் பொண்டாட்டிதானே தூண்டிவிட்டிருப்பாள்! "தனியாப் போயி ராணியாட்டம் இருக்கோணுமின்னு பாக்கறா" என்றாள் அம்மா. சித்திக்குக் குழந்தை இல்லை. சித்தப்பா மலையில் இருந்த வருஷங்களில் அவள் எங்களோடுதான் இருந்தாள். நான் அவளிடம்தான் வளர்ந்தேன் என்று சொன்னால் அது மிகையில்லை. அவள் பாயில்தான் படுப்பேன். அவள் பின்னினால்தான் எனக்குச் சடை. இழுத்து இழுத்துப் பின்னுவாள், கண் மேலே போய்விடும். வலிக்கிறது என்றால், "கம்முனு இரு கண்ணு, பொழுது சாயற வரைக்கும் சடை நிக்கோணுமில்ல" என்பாள்.

பேச்சு முற்றி ஒரு நாள் இரண்டு பேரும் கோயிலில் பூக் கேட்பது என்று முடிவு செய்தார்கள். கல்யாணமானாலும் கிணறு வெட்டுவதானாலும் எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். ஒரு வாழையிலைப் பொட்டலத்தில் வெள்ளரளி, இன்னொன்றில் செவ்வரளி. வெளியிலிருந்து பார்த்தால் எது எதென்று தெரியாது. மாரியம்மன் காலடியில் வைத்து ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எடுத்ததைப் பிரித்தால் அதுதான் அம்மன் வாக்கு. எடுக்காததைப் பிரிக்காமல் வாய்க்காலில் விட்டுவிட வேண்டும். வெள்ளை வந்தால் பழைய வீட்டை நாமே சரி பண்ணுவது, சிவப்பு வந்தால் புது வீடு.

சரி, பொட்டலத்தை யார் கட்டுவது? வழக்கமாகப் பூசாரிதான் கட்டுவார். அவர் அப்பாவோடு ஒரே பெஞ்சில் படித்தவர், கூடாது என்றார் சித்தப்பா. வெளியூர் ஆளை வைத்துக்கொள்ளலாம் என்றால், அவனை யார் கூட்டி வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார் அப்பா. கடைசியில் அபாரமாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வெள்ளையை அம்மா கட்டட்டும், சிவப்பைச் சித்தி கட்டட்டும். தன் கட்சிப் பூவில் யாராவது தானே ஏமாற்றுவார்களா? எப்படிப்பட்ட மூளை பாருங்கள்!

எடுக்கிற குழந்தை நான். புதுப் பாவாடை கட்டிவிட்டார்கள். அம்மனிடம் வேண்டி முடிந்ததும் நான் கையில் பட்ட பொட்டலத்தை எடுத்தேன். பூசாரி பிரித்தார். வெள்ளரளி. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சித்தப்பா, "அதையும் பிரிங்க" என்றார்.

"அம்மன் வாக்குக் குடுத்தாச்சுங்க. அதப் பிரிக்கற வழக்கமில்லீங்க" என்று பூசாரி பின்வாங்கினார். சித்தப்பாவே எட்டி எடுத்து நாரைப் பல்லால் கடித்து அறுத்தார். உள்ளே இருந்ததும் வெள்ளரளி.

எல்லோரும் ஒரே நேரத்தில் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா வாயைத் திறப்பதற்குள் சித்தி முன்னால் வந்தாள். அவள் அப்பா முன்னால் நின்று பேசி நான் அதுவரை பார்த்ததில்லை.

"நாந்தானுங்க வெள்ளப் பூ வெச்சுக் கட்டுனேன். எனக்கு வேற ஊடு வேண்டாமுங்க. இங்கயே இருந்துக்கறேன். இந்தப் புள்ளைய உட்டுப்போட்டு நாம் போமாட்டனுங்க."

இவ்வளவு பச்சையாக ஒருத்தி உண்மையைச் சொன்னால் மற்ற ஊரில் என்ன செய்வார்களோ தெரியாது. எங்கள் ஆட்கள் நம்பவில்லை. "அண்ணி இவளுக்குச் சோத்துல என்னத்தையோ கலந்து போட்டிருக்குது. சொந்த புத்தியில இப்பிடிப் பேசுவாளா?" என்றார் சித்தப்பா. "வாக்கக் கெடுக்கறதுக்குப் புருசனும் பொண்டாட்டியும் போடற நாடகம்" என்றார் அப்பா. இப்போதும் ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன்: அந்தக் கோயில் படியில் அவள் அழுதுகொண்டு நின்றாள், ஒருவருக்குக்கூட அது அழுகையாகத் தெரியவில்லை.

நம்பியவள் அம்மா மட்டும்தான். அதுதான் எல்லாவற்றிலும் மோசமாகப் போயிற்று. சித்தி சொன்னது ஒவ்வொரு எழுத்தும் நிஜம் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அன்றைக்கு ராத்திரி என் பாயை எடுத்துத் தன் பாய்க்குப் பக்கத்தில் போட்டாள். "உன்ற அம்மா நானா, அவளா?" என்று கேட்டாள். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

தை பிறந்ததும் வீட்டைப் பாகம் பிரித்தார்கள். ரோட்டோரம் வார்க்க வீடு எழும்பும் வரை சித்தப்பா தன் பாதியில் இருப்பது என்று ஏற்பாடு. நடுவாசலைக் குறுக்காக மறித்து அப்பாவே ஒரு சுவர் வைத்தார். பின்சுவருக்காக நாங்கள் எல்லோரும் சேர்ந்து மிதித்து வைத்திருந்தோமே, அதே மண்தான். ஒரு விரற்கடை இந்தப் பக்கம் வந்துவிடுகிறதா என்று சித்தப்பா நூல் பிடித்துக்கொண்டு நின்றார். மலைக் கணவாய் வழியாக எங்கள் பக்கம் வீசும் காற்று மண்ணை வாரி இரண்டு பேர் கண்ணிலும் அடித்தது, இரண்டு பேரும் கண்ணை மூடவில்லை.

அப்பா வைத்த சுவர் என்பதால் அது கொஞ்சம் கோணல். சாரம் கட்டக் கழி செருகிய ஓட்டை ஒன்றை அடைக்கவும் மறந்துவிட்டார். அது என் கழுத்து உயரத்துக்கு இருந்தது. ஒரு நாள் காலை அதன் வழியாக, "கண்ணு" என்று ஒரு குரல். பிறகு தினமும் நடந்தது இதுதான்: அம்மா என் சடையை ஆரம்பித்துப் பாதிவரை பின்னுவாள், நான் போதும் போதும் என்று ஓடிவிடுவேன். சுவருக்கு முதுகைக் காட்டி நின்று முடியை ஓட்டைக்குள் விடுவேன். மீதியை அந்தப் பக்கமிருந்து சித்தி பின்னி ரிப்பன் கட்டித் தள்ளிவிடுவாள். மேல்பாதி லூஸ், கீழ்ப்பாதி இறுக்கம். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அந்த வருஷம் முழுக்க நான் அதைவிட அழகான சடை யாருக்கும் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு சடையைத் தாய்க்காரி பார்க்காமல் இருப்பாளா? ஒரு நாள் போனபோது ஓட்டை இல்லை. ஈரம் காயாத மண் பூச்சு. அப்பா பூசினால் கரண்டித் தடம் இருக்கும். இதில் விரல் தடம் இருந்தது, சின்ன விரல்கள். யார் பூசியது என்று அப்போதும் கேட்கவில்லை, அம்மா சாகும்வரையும் கேட்கவில்லை. நான் அந்த இடத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றபோது அந்தப் பக்கமிருந்து மெதுவாகத் தட்டும் சத்தம் கேட்டது. நானும் தட்டினேன். பிறகு அதுவே எங்கள் பேச்சாயிற்று. பள்ளிக்கூடம் போகும்போது தட்டுவேன், அவள் தட்டுவாள். வந்ததும் தட்டுவேன், அவள் தட்டுவாள். சித்தப்பாவுக்குக் கேட்டிருந்தால் அண்ணன் இன்னும் புதையல் தேடுகிறார் என்றுதான் நினைத்திருப்பார்.

வார்க்க வீடு முடிந்து அவர்கள் போனார்கள். எங்களுக்கு அழைப்பில்லை. சித்தப்பா தன் பாதிக் கூரையையும் கதவுகளையும் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டார். எங்களைப் பார்த்த பக்கம் அந்தப் புது வீட்டுக்கு ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை. பாதிக் கூரை போன வீட்டை யார்தான் சரி பண்ண முடியும்? அப்பா ஒவ்வொரு வருஷமும் ஏறினார், ஒவ்வொரு மழையும் இறக்கியது. நான் கல்யாணமாகி வந்த பிறகு அதையும் விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் நாலு தகர ஷீட்டுக்கு அடியில் இருந்தார்கள். சித்தி ஒரு சித்திரை வெயிலில் அந்த வார்க்க வீட்டிலேயே போய்விட்டாள். எனக்குச் சொல்லி அனுப்பினார்கள், நான் போவதற்குள் எடுத்துவிட்டார்கள். இன்று பழைய வீடு இருந்த இடத்தில் யாரோ தென்னை வைத்திருக்கிறார்கள். ரோட்டை அகலப்படுத்தியபோது வார்க்க வீடும் போயிற்று. ரிப்பேரா புதுசா என்று அவ்வளவு அடித்துக்கொண்டார்களே, இரண்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இன்ஜினியர் போன பிறகு நான் கூடத்துச் சுவர் பக்கம் போனேன். அவர் தட்டிய இடத்தில் நானும் தட்டினேன். சொத்தையா, உறுதியா என்று பார்ப்பதற்காக இல்லை. தட்டிவிட்டுக் கன்னத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அந்தப் பக்கம் எங்கள் குளியலறை. அங்கே யாரும் இல்லை.