எங்கள் முற்றத்துக்கு மேலே போன கோடு

நேற்று முன்னிரவு, எங்கள் வீட்டு முற்றத்தில்...

நான் எடுத்த ஒரு போட்டோவைப் பார்த்த என் மனைவி, வீட்டு லைட்டை எல்லாம் அணைத்துவிட்டாள்!

(போட்டோ அவ்வளவு மோசமில்லை நண்பர்களே, அவசரப்பட வேண்டாம்.)

முதலில் சுபாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதிரவெளிக்காரி. சுனாமியில் ஒரு வீடு போனது. திரும்பக் கட்டிய வீடு செல்லடியில் போனது. யுத்தம் முடிந்த பிறகுதான் எனக்கு வாழ்க்கைப்பட்டு இந்த வாவிக்கரைக்கு வந்தாள்.

இருட்டிவிட்டால் முற்றத்து லைட்டைப் போட விடமாட்டாள். மேலே இருந்து பார்ப்பவனுக்கு வீடு தெரியக் கூடாது, அவ்வளவுதான் அவள் சட்டம்.

யுத்தம் முடிந்துவிட்டதே என்றால், "அது எனக்கும் தெரியும். நீங்க லைட்டப் போடாதீங்க" என்பாள்.

நட்சத்திரங்களைப் படம் பிடிக்கிற எனக்கு அந்த இருட்டு நல்ல வசதி! (கொழும்பு நண்பர்களுக்கு வயிறெரியும்.) ஆனாலும் அவள் ஒரு நாளாவது என்னோடு வெளியே வந்து உட்கார மாட்டாளா என்று எனக்கு ஆசை.

நேற்று வந்தாள்! கையில் இரண்டு பிளேன்டீயோடு!

கமராவை ட்ரைபொட்டில் வைத்து, சட்டரை அரை நிமிடம் திறந்து விட்டேன். நாங்கள் பிளேன்டீயில் மும்முரமாக இருந்ததால் மேலே பார்க்கவில்லை.

படத்தைப் பார்த்தால், தென்னைக்கு மேலே, அடிமட்டம் வைத்து இழுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு.

"இது ட்ரேசர்" என்றாள் சுபா. இருட்டில் எரிந்துகொண்டு போகுமே துப்பாக்கிக் குண்டு, அதைச் சொல்கிறாள்.

"வெடிச்சத்தம் கேக்கலியே புள்ள?"

"சத்தம் பிந்தித்தான் வரும்."

உள்ளே போய்விட்டாள். டக், டக் என்று எல்லா லைட்டும் அணைந்தது.

உதவிக்குப் பக்கத்து வீட்டு யோசேப் அண்ணனை வேலியடிக்குக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன்.

"தம்பி, இது ட்ரேசர் இல்ல" என்றார். அப்பாடா என்றிருந்தது.

"இது ஆமிக்காரன் விடுற பரா லைட்! நான் எத்தின பார்த்திரிக்கன்!"

(பரசூட்டில் தொங்கி எரிகிற வெளிச்சக் குண்டைச் சொல்கிறார். அவரைக் கூப்பிட்ட என்னைச் சொல்ல வேண்டும்.)

எங்கள் ஒழுங்கை வீடுகளில் எரிநட்சத்திரம் என்று சொல்ல ஒரு வாய் இல்லை. அவர்களைப் பிழை சொல்ல முடியாது. வானத்தில் நாங்கள் பார்த்த வெளிச்சமெல்லாம் அந்த வகைதானே.

படத்தை பேஸ்புக்கில் போட்டுக் கேட்டேன். வந்தாறுமூலை கெம்பஸில் படிக்கிற ஒரு தங்கச்சி உடனே எழுதினாள்: "அண்ணா, விமானம் எண்டா புள்ளி புள்ளியா விழும். எரிநட்சத்திரம் எண்டா நுனி மெலியும். இது முழுக்க ஒரே தடிப்பு. ஆக்கள் இரிக்கிற விண்வெளி நிலையம்! நாளைக்கும் ஏழு மணிக்குப் பிறகு வடமேற்கால வரும், பாருங்க."

(தங்கச்சி, நீ நல்லா இருக்க வேண்டும்!)

இருட்டு அறைக்குள் போய்ச் சுபாவிடம் சொன்னேன்.

"ஆக்களா? மேலயா?"

"ஓம் புள்ள."

"குண்டு கிண்டு வச்சிரிக்காங்களா?"

"சே, இல்ல. ஆராய்ச்சி செய்றாங்க."



"சாப்பாட்டுக்கு என்ன செய்வாங்க?"

"பைக்கட்டில கொண்டு போவாங்க."

"சோறுமா?"

"அது எனக்குத் தெரியா."

"குடும்பமெல்லாம் கீழயா?"

"ஓம், கீழதான்."

"பாவங்கள்" என்றாள்.

இன்று மாலை நான் கமராவை வாவிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு இருந்தேன். கூப்பிடாமலே வந்து நின்றாள். ஏழு மணி தாண்டியதும் வாவிக்கு மேலே ஒரு வெள்ளை வெளிச்சம், மினுங்காமல், ஆடாமல் ஏறி வந்தது. சட்டரைத் திறந்தேன்.

பளீர்!

முற்றத்து லைட்!

"என்ன புள்ள செய்றாய்? படம் பழுதாகுது!"

சுபா முற்றத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பழுதாகட்டும். அவ்வளவு தூரத்தில தனியக் கிடக்காங்க. இஞ்சயும் ஆக்கள் இரிக்கம் எண்டு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒளிக்க என்ன இருக்கிறது?

படம் முழுக்க ஒரே மஞ்சள். கோடும் இல்லை, ஒரு நட்சத்திரமும் இல்லை. கீழே ஒரு ஓரத்தில், மேலே பார்த்து ஆட்டிய சுபாவின் கை மட்டும் கலங்கலாக விழுந்திருக்கிறது.

அதைத்தான் இங்கே போட்டிருக்கிறேன். வானத்தை இதைவிட நல்லா எடுத்தவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் காட்டுங்கள், பார்ப்போம்!