வாசலில் நிற்பவர்

எண்பதுகளின் கடைசியில் திருச்சியில் எங்கள் ஆபீசுக்கு இரண்டு பிராசசர் உள்ள கம்ப்யூட்டர் வந்தது. என் புரோகிராமை இரண்டாகப் பிரித்து ஓட்டினேன். முன்பைவிட மந்தமாக ஓடியது. வாரக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் மெஷினைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சிஸ்டம்ஸ் பார்ப்பவர் ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம். அறைக்குள் யாராவது இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நிற்பார்.

"உங்க மேல தப்பில்ல சார். மெஷினை நடத்துற கெர்னலுக்கு ஒரே பூட்டு. ஒரு பிராசசர் உள்ள போனா இன்னொண்ணு வெளியிலயே நிக்குது. டிஸ்க்குக்கு ஒண்ணு, மெமரிக்கு ஒண்ணுன்னு பூட்டைப் பிரிச்சுடறேன்."

நான்காம் நாள் இரண்டும் சேர்ந்து ஓடின. மேனேஜரிடம் சொல்லத் துள்ளி எழுந்து வாசலுக்குத் திரும்பினேன். அவர் வாசலருகே ஒதுங்கி நின்றார்.

"நீங்க முன்னாடி போங்க சார்."

இன்று என் கைபேசிக்குள் எட்டு பிராசசர். ஒன்றுக்காக ஒன்று நிற்பதாகத் தெரியவில்லை. எனக்குத்தான், அவர் ஒதுங்கி நின்றது நினைவுக்கு வந்து, எந்த வாசலிலும் முதலில் நுழையக் கால் எழுவதில்லை.